குழந்தைக்கு நாலு ஸ்பேஸ்

இருபது வருடமாகக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவன் நான். அந்த இருபது வருடத்தில் செய்த மிகப் பெரிய முட்டாள்தனத்தை ஆபீசில் வைத்துச் செய்யவில்லை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டின் முன்னறையில், ஒரு புதன்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள் செய்து முடித்தேன். மொத்தம் இரண்டே கட்டளை. ப்ரோகிராம் வரிகளை ஒழுங்குபடுத்தும் ஒரு பேக்கேஜை கமாண்ட் லைனில் 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்து ஏற்றியது ஒன்று. அதன் பெயரை அடித்து, ஒரு இடம் விட்டு, ஒரு புள்ளி வைத்து என்டர் தட்டியது இன்னொன்று. இந்த ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் சரிசெய் என்று அந்தப் புள்ளிக்கு அர்த்தம். கண் இமைப்பதற்குள் வேலை முடிந்தது. முடிந்ததைக் கொண்டாட திரையில் ஒரு கேக் துண்டுப் படம்கூடப் போட்டது.

அது சரிசெய்த பைலை எழுதியவன் நானில்லை, என் ரயில் சிநேகிதன். அவனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவன் வீடு பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பில். காலை பெங்களூர் ரயிலில் எனக்கு முந்தின ஸ்டேஷனிலேயே ஏறிவிடுவான். எனக்கென்று ஜன்னலோரத்தில் தன் டிபன் பையை வைத்து உட்கார்ந்திருப்பான். யாராவது பையை நகர்த்தினால் "ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்க" என்று மூன்று மொழியிலும் சொல்வான். பதினோரு வருடம் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. எங்கள் பெட்டியில் ஒரு மூலையில் சீட்டாட்டம் நடக்கும், எதிர் மூலையில் ஜெபக்குழு பாடிக்கொண்டிருக்கும், நடுவில் நாங்கள் இருவரும் ஒரு லேப்டாப்பை டிபன் பைமேல் வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். பெரும்பாலும் அர்த்தமில்லாத சண்டைதான். அந்த இரண்டரை மணி நேரத்தை அப்போது நொந்துகொண்டே கழித்தேன். இப்போது வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. உட்கார்ந்த இடத்தில் டீ வருகிறது. இருந்தும் அந்த ரயில் ஏக்கம் போகவில்லை.

பைல் உருவான கதை இதுதான். ஒரு கல்லறைத் திருநாளன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கூடை நிறையப் பூவோடு வந்து, அப்பாவின் கல்லறையைக் காலை முழுவதும் தேடியது. கிடைக்கவில்லை. வெயில் ஏறியதும் யாருடையதோ ஒரு கல்லின்மேல் பூவை வைத்து, கும்பிட்டுவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்த என் சிநேகிதனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாபா இது, அட்ரஸ் இல்லாத ஊரா நம்மளுது?" என்று வீடு போய்ச் சேரும்வரை பொருமிக்கொண்டே வந்தான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு கல்லறைத் தோட்டத்தில் நின்றான், என்னையும் இழுத்துக்கொண்டுதான். நான் குடை பிடித்துக் கல்லில் உள்ளதை வாசிக்க, அவன் எழுதுவான். பாசி பிடித்த கல்லைத் தேங்காய் நாரால் தேய்ப்போம். தமிழில், இங்கிலீஷில், சிலது தெலுங்கில். இடையில் கேட்டுக்கு வெளியே போய் ஆளுக்கொரு பன்னும் டீயும். ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. எனக்குக் கல்யாணமான புதிது வேறு. வீட்டில் நான் வாங்கிய வசவு தனிக்கதை.

ஞாயிறு எழுதியதை வாரநாளில் ரயிலில் உட்கார்ந்து பைத்தானில் அடிப்பான். பெயரைத் தட்டினால் எத்தனையாவது வரிசை, எத்தனையாவது கல் என்று சொல்லும் சின்ன ப்ரோகிராம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆனால் அவன் அடித்து வைத்த விதம் இருக்கிறதே, அதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கல்லறைத் தோட்டத்தின் ஒரு வரிசைக்கு ஒரு வரி. அந்த வரி எவ்வளவு நீளமானாலும் மடிக்க மாட்டான், அது வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். தரையில் நடைபாதை குறுக்கிடும் இடத்தில் திரையிலும் காலி. மரம் நிற்கிற இடத்திலும் காலி. அதைப் பெரிய தாளில் பிரின்ட் எடுத்து, கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பார்த்து நின்று பிடித்தால், தாளும் தரையும் ஒன்றாக இருக்கும்.

"இது ப்ரோகிராமா, கோலமா?" என்று கேலி செய்வேன்.

"உனுக்கு இன்னா தெரியும், போ" என்பான்.

கல் இல்லாத கல்லறைகள்தான் அவனுக்குப் பெரிய கவலை. மேடு தட்டிப்போய், பெயரும் இல்லாமல் எத்தனையோ. அவற்றுக்காக ஒரு வழக்கம் வைத்திருந்தான். பெரியவர்கள் என்றால் இரண்டு பெயருக்கு நடுவில் எட்டு ஸ்பேஸ், குழந்தை என்றால் நாலு. அவ்வளவுதான், எழுத்து ஒன்றும் கிடையாது. "பக்கத்துல குறிப்பா ஒரு கமென்ட் போட்டா குறைஞ்சா பூடுவ?" என்று கேட்டேன். ஞானஸ்நானத்துக்கு முன்னால் போன குழந்தைகளைப் பற்றி அந்த வீட்டு அம்மாக்களே வாய் திறப்பதில்லை, அதை நாம் எழுதி ஊரெல்லாம் படிக்க வைப்பதா என்றான். "அவுங்க சொல்லாம வுட்டத நாம இன்னாத்துக்கு எழுதணும்? எடம் வுட்டா போதும்பா." இன்டர்நெட்டிலும் ஏற்ற விடவில்லை. செத்தவர்களின் பெயரை எவனோ ஒருவனின் சர்வரில் வைக்க மாட்டானாம். ஒரு பென் டிரைவ், அவன் லேப்டாப், என் லேப்டாப். மூன்றே இடம்.

அந்த நாலு ஸ்பேஸ்களில் ஒன்று எங்கள் வீட்டுடையது. நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால் என் அம்மாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, பதினோரு நாள் இருந்து, போய்விட்டது. பெயர் வைக்கவில்லை. வீட்டில் 'அந்தக் குழந்தை' என்பார்கள், அதுவும் வருடத்துக்கு ஒரு முறை, கல்லறைத் திருநாளன்று. அம்மா ஒரு தைல மரத்தை அடையாளம் வைத்து நேராகப் போய் நிற்பாள். அந்த மரத்தை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் என் சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டினாள். அவன் எண்ணி எழுதிக்கொண்டான். நான் அன்றும் அப்பா கல்லறைப் பக்கம்தான் இருந்தேன். அப்பா இருப்பது புதுப் பகுதி. மெழுகுவத்தி காற்றில் அணையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று நானே வைத்துக்கொண்டிருந்தேன்.

சிநேகிதன் இரண்டரை வருடம் முன்னால் போய்விட்டான். காய்ச்சல் என்று ஒரு வாரம் ரயிலுக்கு வரவில்லை. இரண்டாவது வாரம் எங்கள் பெட்டிக்காரர்கள் மொத்தமும் இறங்கி, ஆபீஸ் போகாமல் அடக்கத்துக்குத்தான் போனோம். சீட்டாட்டக்காரர்களும் ஜெபக்குழுவும் ஒன்றாக நின்றதை அன்றுதான் பார்த்தேன். கடைசி வரிசையின் கடைசியில் அவன் பெயரை நானே அடித்தேன். அடித்துவிட்டு அழுதேன், அதை ஒளிக்க ஒன்றுமில்லை.

இனி சொல்லப்போவதை ஒளிக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அம்மாவுக்கு முட்டி போய்விட்டது. அவன் இறந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு அம்மா வரமுடியாமல், இரண்டு முழம் பூவை எனக்கு வெட்டிக் கொடுத்தாள். ஒன்று அப்பாவுக்கு, ஒன்று குழந்தைக்கு. தாளை எடுத்துக்கொண்டு குழந்தைகள் பகுதிக்குப் போனேன். இடுப்பளவு உண்ணிச்செடி, தூறல் வேறு. பேன்ட் கிழியும் என்று யோசித்து, திரும்பி வந்து இரண்டு பூவையும் அப்பாவுக்கே வைத்தேன். வீட்டில் அம்மா, "அதுக்கு வெச்சியாடா?" என்றாள். "வெச்சுட்டேம்மா" என்றேன். அடுத்த வருடம் செடிப் பக்கம் போய்க்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை பொய் சொல்ல ஒரு சிரமமும் இருக்கவில்லை.

இந்த வருடம் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் ஒரே பிடிவாதம். அந்தக் குழந்தைக்கு ஒரு கல் வைக்க வேண்டும். முழங்கை நீளத்தில் சின்னக் கல், மேலே ஒரு சிலுவை, போதும். கல் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. கொத்தனார் சனிக்கிழமை காலை வருவதாகப் பேச்சு. "எடந்தான் உன் பிரெண்டு எழுதி வெச்சிகீறானே" என்று அம்மா நிம்மதியாக இருந்தாள்.

அதே வாரம் சபையின் வாலிபர் சங்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெங்களூரில் வேலை செய்கிறவள். அந்தக் கல்லறைப் பட்டியலைக் கொடுத்தால் போனில் பார்க்கிறமாதிரி செய்து தருவதாகச் சொன்னாள். இங்கேதான் என் அகம்பாவம் உள்ளே நுழைந்தது. இந்தத் தாறுமாறான பைலை அப்படியே அனுப்பினால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? விருந்தாளி வருமுன் பிள்ளைக்கு முகம் கழுவி விடுவதுபோல, ஒருமுறை ஒழுங்குபடுத்தி அனுப்பலாம் என்று நினைத்தேன். ஆபீசில் தினமும் ஓட்டுகிற பேக்கேஜ்தானே. பென் டிரைவைச் செருகி, அதிலேயே ஓட்டி, என் லேப்டாப்பில் இருந்த பழசின் மேலும் அதையே காப்பி செய்தேன். ஒழுங்கு என்றால் எனக்கு அத்தனை ஒழுங்கு.

ப்ரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். பெயரைத் தட்டினால் வரிசை சொன்னது, கல் சொன்னது, எல்லாம் சரி. லேப்டாப்பை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை அம்மா, "அந்தத் தாள எடுத்துகினு வந்துடு, கொத்தனார் கைல காட்டணும்" என்றாள். ராபர்ட்சன்பேட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எப்போதும் ஒரு பெரிய தாள் வருகிற இடத்தில் மெஷின் தாளைத் துப்பிக்கொண்டே இருந்தது. கடைக்காரர், "சார், புக் பிரின்ட் பண்றீங்களா?" என்றார். எடுத்துப் பார்த்தால் ஒரு வரிக்கு ஒரு பெயர். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி ஒருவர் கீழே ஒருவர். நடைபாதை இல்லை, மரம் இல்லை. எட்டு ஸ்பேஸ் இல்லை, நாலு ஸ்பேஸ் இல்லை. ஒழுங்குபடுத்தும் அந்த பேக்கேஜுக்கு வேண்டாத இடைவெளி என்றாலே ஆகாது, அதைக் களைவதுதான் அதன் வேலை. ப்ரோகிராமுக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டில்லை, அதனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரைக்கூடப் பூட்டாமல் வீட்டுக்குள் ஓடி லேப்டாப்பைத் திறந்தேன். அடுத்து நான் செய்ததைக் கேட்டால் முதல் வருடம் படிக்கிற பிள்ளைகூடச் சிரிக்கும். 'பிப் அன்இன்ஸ்டால்' அடித்தேன். நிச்சயமா, ஆமாவா இல்லையா என்று கேட்டது. ஆமா என்றேன். வெற்றிகரமாக நீக்கப்பட்டது என்று சொன்னது. உடனே பைலைத் திறந்து, இடைவெளி எல்லாம் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். பெயின்டரை வீட்டைவிட்டு அனுப்பினால் சுவரில் பழைய நிறம் வந்துவிடுமா? அது தெரியாதவனில்லை நான். ஆனால் அந்த நிமிஷம் அறிவு ஒரு பக்கம் கிடந்தது, விரல் தன் போக்கில் வேலை செய்தது. மறுபடி ஏற்றி மறுபடி இறக்கிக்கூடப் பார்த்தேன்.

சிநேகிதனின் லேப்டாப்பை அவன் மனைவி எப்போதோ எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டிருந்தார். நோட்டுப் புத்தகங்கள் பழைய பேப்பரோடு போயிருந்தன. பழைய தாள்கள் எல்லாம் ஒவ்வொரு வருடமும் கல்லறை கேட்டில் ஒட்டப்பட்டு, நவம்பர் மழையில் ஊறிப்போனவை. வேறு எங்கும் இல்லை.

அம்மா கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பைல் போனதைச் சொல்லப் போனவன், வாய் திறந்ததும் மற்றதையும் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு வருசமாவா?" என்றாள்.

"ரெண்டு வருசமாம்மா."

"உங்கப்பாவுக்கு மட்டும் வெச்சிட்டு வந்து, அதுக்கும் வெச்சேன்னு என் மூஞ்சப் பாத்து சொன்னல்ல?"

அம்மா கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு வாக்கரைக்கூடப் பிடிக்காமல் சமையலறைக்குப் போனாள். மத்தியானம் சோற்றைப் போட்டு, தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனாள். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. சாயங்காலம் அவளாகவே வந்து கேட்டாள்.

"பேர்லாம் வரிசையா கீதா, இல்ல அதுவும் கலஞ்சிபோச்சா?"

"வரிசை அப்டியே இருக்குதும்மா. எடந்தான் போச்சு."

"அப்போ காலைல ஆட்டோக்கு சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, லேப்டாப், அந்தத் தாள் கட்டு, வாக்கர் பிடித்த அம்மா. இந்த வருடம்தான் திருநாளுக்காக எல்லாப் பக்கமும் செடி வெட்டியிருந்தார்கள். குழந்தைகள் பகுதியில் சுவரோரமாக மூன்றாவது வரிசை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "படி" என்றாள். நான் முதல் பெயரைப் படித்தேன். அடுத்ததைப் படிக்கப் போனேன்.

"இரு. அதுக்கு நடுவுல ஒண்ணு கீது. நர்ஸம்மா வூட்டுது. ரெட்டப் புள்ள, ஒண்ணு தங்கல."

குனிந்து பார்த்தேன். வெட்டிய செடிக்கு அடியில், தெரிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு பள்ளம். நாலு ஸ்பேஸ் தட்டினேன்.

நான் படிக்கப் படிக்க அம்மா நிறுத்திக்கொண்டே வந்தாள். இது மைசூர் மைன்ஸ் பக்கத்து ஒரு பெண்ணுடையது, ஏழாம் மாதமே பிறந்தது. இது எதிர் லைன் பொம்பளையுடையது, மூச்சே விடவில்லை. நாற்காலியை நான் நகர்த்த, அவள் நகர, ஒரே வரிசையில் ஏழு இடம் சொல்லிவிட்டாள். யாருடையது என்று எந்தக் கல்லிலும் எந்த நோட்டிலும் இல்லாத ஏழு.

"உனக்கு எப்டிம்மா இதெல்லாம் தெரியும்?"

"பொதைக்கறப்போ எங்கள வுடமாட்டாங்க. ஆம்பளைங்க தூக்கினு வந்து வெச்சிட்டுப் பூடுவாங்க. அப்புறமா அவுங்க ஷிப்டுக்குப் போனதும் நாங்க ரெண்டு ரெண்டு பேரா வந்து பாப்போம். நர்ஸம்மாகூட நான் வந்தேன். எனக்கு அவுங்க வந்தாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "உன் பிரெண்டு கேட்டப்போ என்னுத மட்டுந்தான் காட்னேன். மத்தவங்களுத நான் எப்டி சொல்றது? அவன் பள்ளத்தப் பாத்து அவனாவே எழுதிகினான்."

அவனிடம் சொல்லாததை இன்று என்னிடம் சொல்ல வைத்திருக்கிறேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எட்டாவது இடத்தில் நான் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, வாக்கரை ஓரமாகத் தள்ளிவிட்டு, பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலடியில் ஒரு முழம் மண். அவள் அழவில்லை. நான்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பில் நாலு ஸ்பேஸ் தட்டினேன்.

"இன்னா எழுதின?"

"ஒண்ணும் எழுதலம்மா. எடம் வுட்டுருக்கேன்."

"எடம் வுட்டதுதான் ஒரே நாள்ல போச்சே. என்னுதுக்கு எழுது. கல்லுலயும் போடணும்."

"இன்னான்னு எழுதறது? பேரு வெக்கலயே. 'குழந்தை'ன்னு போடட்டா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாளிலிருந்து என் முகத்தையே பார்க்காதவள்.

"கொழந்தன்னு நான் சொல்லலாம். நீ எப்டிடா சொல்லுவ? உனக்கு மூணு வருசம் மூத்தவ. உனக்கு அக்காடா அவ."

எனக்கு நாற்பத்தாறு வயது. பூக்காரியை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறேன், ரயிலில் பட்டாணி விற்கிற பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறேன், முகம் தெரியாத எத்தனையோ பேரை வாய் நிறையக் கூப்பிட்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு அக்கா இருந்தாள் என்பது அன்றுவரை என் புத்தியில் உறைக்கவே இல்லை. பேன்ட் கிழியும் என்று நான் திரும்பி வந்தது அவளிடமிருந்து.

மேற்கோள் குறிக்குள் 'அக்கா' என்று அடித்து, சேவ் செய்தேன். அங்கிருந்தே தச்சருக்குப் போன் போட்டு அதையே வெட்டச் சொன்னேன்.

அம்மா மடியிலிருந்து பூவை எடுத்தாள். குனிய முடியாது அவளால். என் கையில் கொடுத்து, "வெய்" என்றாள். நான் முட்டி போட்டு வைத்து முடிக்கும்வரை, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.